தவமணி குழாயை அடைத்த கதை

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. காட்டுக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். அங்கே அப்படிக் கேட்டவர்களையெல்லாம் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் சேர்த்துவிட்டார்கள். அதன் தலைவர் புலி.

அந்தப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் தவமணி என்றொரு கீரிப்பெண் படித்தாள். படித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கணக்கில் முட்டை, அறிவியலிலும் முட்டை. "இந்த வருசமும் பெயிலானா பேசாம என்கூடப் பாம்பு வேலைக்கு வந்துரு" என்று அப்பா சொல்லிவிட்டார். பரம்பரைத் தொழில்தான். ஆனால் தவமணிக்குப் பாம்பு என்றால் குலைநடுக்கம். புல்லில் கொடி அசைந்தாலே மரத்தில் ஏறிவிடுவாள். கீரி குலத்தில் பிறந்து இதை வெளியில் சொல்ல முடியுமா?

ஒன்பதாம் வகுப்பில் கையால் செய்கிற விருப்பப் பாடம் ஒன்றை எல்லோரும் எடுத்தாக வேண்டும். தேனெடுப்புக்கு அடிதடி. கூடு பின்னுவதற்குச் சிபாரிசு. யாருக்கும் வேண்டாமல் கிடந்த குழாய் வேலை தவமணியின் விருப்பம் ஆயிற்று. பாடம் நடத்த, பீரியட் குறைவாக இருந்த விளையாட்டு வாத்தியார் எருமையைப் போட்டிருந்தார்கள். அவர் கருவிப் பெட்டியை அவளிடம் தள்ளி, "ஒடைச்சிடாத. என்னை எழுப்பிடாத" என்று மொத்தப் பாடத்தையும் நடத்தி முடித்தார்.

அவர் தூங்கியதுதான் அவளுக்கு நல்ல காலம். கழற்றினாள், மாட்டினாள், பீய்ச்சியடித்த தண்ணீரை முகத்தில் வாங்கினாள். மறையைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகத் திருகப் பின்னக் கணக்கு பிடிபட்டது. தொட்டி உயரத்தில் இருந்தால் கீழே தண்ணீருக்கு ஏன் அத்தனை வேகம் என்று புரிந்த அன்று, அறிவியல் புத்தகத்தைத் தானாகவே திறந்து பார்த்தாள். வரலாற்று வகுப்பில் எழுந்து, "ராஜா ஏரி வெட்டினார்னு போட்டிருக்கே சார், மதகு யாரு வச்சா?" என்று கேட்டாள். வெளியே நிறுத்தினார்கள். வெளியே நிற்பது அவளுக்குப் பழக்கம்தான். கேள்வி கேட்டதற்காக நிற்பது புதுசு. ரொம்பச் சந்தோஷமாக நின்றாள்.

செய்முறைத் தேர்வு வந்தது. தேர்வாளராகப் பக்கத்துக் காட்டு நாரை வந்தார். தலைமையாசிரியர் கரடி அவருக்கு மீன் குழம்பும் வறுவலும் ஏற்பாடு செய்திருந்தார். கேள்வி எல்லா வருசமும் ஒன்றுதான்: சத்துணவுக் கூடத்துக்கு வெளியே சொட்டுகிற குழாயைச் சரிசெய்க. வழக்கமும் ஒன்றுதான். மாணவர் குழாய் வாயில் துணியைச் சுற்றுவார். நாரை தலையாட்டி மார்க் போடுவார். பிறகு துணியை அவிழ்த்துவிட்டால் அடுத்த வருசத் தேர்வுக்குக் குழாய் தயார்.

இதையெல்லாம் மாணவிக்குச் சொல்ல வேண்டியவர் எருமை. அவர்தான் தூக்கத்தில் இருந்தாரே.

தவமணி குழாயைக் கழற்றினாள். வேட்டைக்காரன் ஒருவன் விட்டுப்போன ரப்பர் செருப்பில் வட்டமாக ஒரு வாஷர் நறுக்கினாள். உள்ளே வைத்து முடுக்கினாள். நாரை ஒற்றைக் காலில் நின்று பார்த்தார். சொட்டவில்லை. காலை மாற்றி நின்று பார்த்தார். அப்போதும் சொட்டவில்லை.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"சரி பண்ணிட்டேன் சார்."

"சரி பண்ணச் சொன்னா, சரி பண்ணிடுறதா?"

கரடி மூச்சிரைக்க ஓடி வந்தார். "அடிப்பாவி! ஓட்டை இல்லேன்னா பரீட்சை ஏது? பரீட்சை இல்லேன்னா பாடம் ஏது? எருமை சாரை நான் எங்க தூங்க வைப்பேன்? நாரை ஐயாவுக்கு எதைச் சொல்லி மீன் குழம்பு வைப்பேன்?"

"எதிர்பார்த்த விடை இது இல்ல. முட்டைதான் போடணும்" என்றார் நாரை.

தவமணிக்கு அழுகை முட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை முழுசாகச் சரியாகச் செய்திருக்கிறாள், அதற்கா முட்டை? ஆத்திரமாக வந்தது. ஆனால் கண்ணை மூடினால் பாம்பு படமெடுத்து நின்றது.

"சார், பழையபடி சொட்ட வச்சுட்டா?"

நாரை கழுத்தை நீட்டினார். "அதே மாதிரியா?"

"அதே மாதிரி, சார்."

அடைப்பதைவிட அது கஷ்டமான வேலை. வாஷரின் ஓரத்தை நகத்தால் துளி சீவினாள். மறையைக் கால் சுற்று தளர்த்தினாள். பிறகு அதிலும் பாதி இறுக்கினாள். சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. கரடி காதை வைத்துக் கேட்டார். "நம்ம சொட்டேதான்யா!" என்று கண் கலங்கினார். நாரை நூற்றுக்கு நூறு போட்டார்.

பள்ளியை முடித்ததுமே தவமணிக்கு வேலை கிடைத்தது. அக்கம்பக்கத்துக் காடுகளில் தேர்வுக் குழாய் எதுவும் துருப்பிடித்துத் தானாக அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம், ஓய்வூதியம் உண்டு. "என் மக பாம்பு வேலைக்கு வரல, அரசாங்க வேலைக்குப் போயிட்டா" என்று அப்பா வழியில் பார்த்த பாம்புகளிடமெல்லாம் சொன்னார்.

தவமணியின் வீட்டுக் குழாய் மட்டும் சொட்டுவதில்லை. மேலதிகாரிகள் வந்தால் அதில் துணியைச் சுற்றி மறைத்துவிடுவாள்.

நீதி: ஓட்டையை அடைக்கக் கற்றவருக்கு அறிவு வளரும், அதை ஒழுங்காக ஒழுகவிடக் கற்றவருக்கே உத்தியோகம் கிடைக்கும்.