பெரியகருப்பனுக்கு நான் எழுதிக் கொடுத்த மனு

தீபாவளித் துப்பாக்கியைத் தாண்டி எந்த ஆயுதத்தையும் தொட்டறியாத நான், ஒரு காலத்தில் பட்டாளத்துக்காரர்களுக்கு வருங்காலம் வகுத்துக் கொடுத்தவன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கோரிப்பாளையத்தில் ஒரு டுட்டோரியலில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். ‘இராணுவ வீரர்களுக்குக் கல்லூரி ஆலோசனை இலவசம்’ என்று வாசலில் நானே சாக்பீஸால் எழுதி வைத்தேன். (காசு வாங்கியிருந்தால் கொஞ்சமாவது பொறுப்பு வந்திருக்கும்.)

லீவில் வந்திருந்த அலங்காநல்லூர் பெரியகருப்பன் அகப்பட்டார். பட்டாளத்தில் இருந்தபடியே பி.யூ.சி. முடித்தவர்.

“நவம்பர்ல சர்வீஸ் முடியுது சார். பெறகு பி.ஏ. படிக்கணும்.”

“நவம்பர்ல எந்தக் காலேஜ்ண்ணே சேத்துக்கும்? ஜூன்லயே வெளிய வந்துருங்க.”

“அப்பிடி வரலாமா சார்?”

“எழுதிக் கொடுத்தா விட்ருவாகண்ணே,” என்றேன், தலைமைத் தளபதி என்னவோ என் சித்தப்பா என்பதுபோல.

விடுவிக்கக் கோரி ஆங்கிலத்தில் இரண்டு பக்க மனு எழுதினேன். அதில் ஒன்றரைப் பக்கம் கல்வியின் மேன்மை. அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு அவர் வடக்கே ரயில் ஏறினார்.

மறுநாள் டீக்கடையில், ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். யோசனை என்னுடையது என்பதை மட்டும் கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

“பதினஞ்சு வருசம் முடிக்காமலா? பென்சன் மொத்தமும் போச்சேய்யா! எந்தக் கிறுக்கன் சொன்னது?”

“தெரியலைங்க.”

பெரியகருப்பனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மழையை நம்பிய மூன்று ஏக்கர். தபால் ஆபீசுக்கு ஓடி, ‘மனு கொடுக்க வேண்டாம்’ என்று தந்தி அடித்தேன். அது போய்ச் சேர்ந்ததா, மனு முந்திக்கொண்டதா என்று தெரியாமல் மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. ஒருநாள் அவர் மனைவி அலங்காநல்லூர் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்து வளையல் கடைக்குள் புகுந்தேன். கல்யாணமாகாத நான் அரை மணி நேரம் வளையல் பார்த்தேன்.

கடைசியில் கடிதம் வந்தது. ‘சார், எனக்கு முன்னாடியே உங்கள் தந்தி வந்துவிட்டது. இங்கே வீட்டுத் தந்தி என்றால் சாவுதான். நாலு பேர் என்னைப் பிடித்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துத்தான் பிரித்தார்கள். பென்சன் போகுமே என்று எனக்கும் தோன்றியது. படித்தவர் சொல்கிறாரே, புதுச் சட்டம் வந்திருக்கும் என்று இருந்தேன். மனு பையிலேதான் இருந்தது. எங்கள் கிளார்க் வாங்கிப் படித்து, “இதை எழுதினவன் எந்த நாட்டுக்காரன்?” என்று கேட்டுவிட்டுக் கிழித்துப் போட்டார்.’

நவம்பரில் பென்சனோடு வந்தார். அடுத்த ஜூனில் மாலைக் கல்லூரியில் சேர்ந்தார். பி.ஏ. தேறியதும் மனைவியோடு என் வீட்டுக்கு லட்டு கொண்டுவந்தார். எனக்குச் சபலம்.

“இதுல என் பங்கும் கொஞ்சம் இருக்குல்ல மதினி?”

“இல்லாமலா தம்பி? மூணு வருசமும் ஒரு யோசனையும் சொல்லாம இருந்தீகளே, அது எம்புட்டுப் பெரிய ஒத்தாசை!”