புகையைப் படித்த மகான்

எங்கள் லாரி நிறுத்தத்தில் ஒரு மகான் இருந்தார். டீசல் மகான். மனிதர்களுக்கு அருள் தருவதை மற்ற மகான்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, இவர் நேராக எஞ்ஜினுக்கே அருள் தர இறங்கிவிட்டார்.

நெடுஞ்சாலை மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் நிறுத்தம். குளிக்க, சாப்பிட என்று எல்லா லாரியும் இங்கே நின்றுதான் மேலே போகும். வாசலில் என் பஞ்சர் கடை. ஆகவே நான் சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்தது. பார்த்தும் புரியாமல் இருந்தது எத்தனை நாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய டிரைவர் சீட்டை சிமெண்டு மேடையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அதுதான் மகானின் ஆசனம். ஸ்பிரிங் சீட் என்பதால் அருள் வந்தால் மேலும் கீழும் ஆடும். கையில் ஒரு ஸ்டியரிங், எதனோடும் சேராத ஸ்டியரிங். நாம் கேள்வி கேட்டால் இடது பக்கம் ஒடிப்பார், பதில் சொல்லும்போது வலது பக்கம் ஒடிப்பார். உடம்பில் வெள்ளை ஓவரால். எஞ்ஜினைக் கரைத்துக் குடித்தவரின் உடுப்பில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அவர் புகையைப் படிப்பார். புகை கறுப்பாக வந்தால் ஓட்டுநர் செய்த பாவம். வெள்ளையாக வந்தால் செத்துப்போன யாரோ கோபமாக இருக்கிறார்கள். நீலமாக வந்தால் மாமியார். புகையே வராவிட்டால் ரொம்ப மோசம், வண்டி எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே வைத்துக் குமைகிறது என்று அர்த்தம்.

காசைக் கையால் தொடமாட்டார், அவ்வளவு தூய்மை. வண்டிக்கு இருபது லிட்டர் டீசல், கேனில் கொண்டுவந்து வைத்தால் போதும். அந்த டீசல் ஆவியாகி மேலுலகம் போய்ச் சேருவதாகச் சொன்னார்கள். வாரம் ஒருமுறை பின்பக்கமாக ஒரு டேங்கர் வந்து ஏற்றிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். மேலுலகத்துக்கு டேங்கரில்தான் அனுப்புவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து டயரை உருட்டிக்கொண்டு போய்விட்டேன்.

இதில் ஓர் அதிசயம் உண்டு. ஆயிரம் மைல் அலுங்காமல் ஓடிவந்த வண்டி இங்கே ஒரு மணி நேரம் நின்றால் போதும், நோய் வந்துவிடும். ஏற்றத்தில் அரை மைல் போவதற்குள் மூச்சு முட்டும், இழுவை போய்விடும், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். பின்னாலேயே உருண்டு வந்து மகான் முன்னால் நிற்கும். "இந்த மண்ணுல எந்த எஞ்ஜினும் உண்மைய மறைக்க முடியாது" என்பார் மகான். கூட்டம் கன்னத்தில் கைவைத்து வியக்கும்.

நிறுத்தத்தில் துணிக்காரர் என்று ஒருவர் இருந்தார். வருகிற வண்டியின் கண்ணாடியை இலவசமாகத் துடைப்பார். பானெட்டைத் தூக்கி உள்ளே இருக்கும் தூசியையும் இலவசமாகத் துடைப்பார். தங்கமான மனிதர் என்று ஊரே சொன்னது.

அன்றைக்கு மத்தியானம், எஞ்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூக்கு வைத்த லாரி வந்தது. ஓட்டுவது புருஷனும் பெண்டாட்டியும், மாற்றி மாற்றி. அந்த அம்மா பத்து வருஷம் டீசல் பட்டறையில் வேலை பார்த்தவர். சாலையில் எல்லோருக்கும் அவர் ஸ்பேனர் அக்கா. இருவரும் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். கால் மணி நேரத்தில் வண்டி ஏற்றத்திலிருந்து முக்கி முனகித் திரும்பி வந்தது.

அக்கா கருவிப்பெட்டியை எடுப்பதற்குள் கூட்டம் அவர் புருஷனை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. மகான் வண்டியை ஒருமுறை உறுமவிட்டுப் புகையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். சீட் மேலும் கீழும் ஆடியது.

"ஸ்டியரிங்ல வளையல் சத்தம் கேக்குது" என்றார் மகான். "ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தியா? இந்த வண்டிக்கு ரெண்டு எஜமானா? பொம்பளை எறங்கினாத்தான் எஞ்ஜின் எறங்கி வரும். நாலு மணிக்குச் சாந்தி பண்ணிடலாம். அப்புறம் இவங்க பஸ்ல வீட்டுக்குப் போகட்டும். இனிமே அந்த சீட்ல ஏறவே கூடாது."

புருஷன் நல்ல மனிதர்தான். பயந்த மனிதரும்கூட. அக்காவிடம் வந்து செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒரு ஆறு மாசம் வீட்ல இரேன். வண்டி சரியாயிடுச்சுன்னா அப்புறம் பாத்துக்கலாம்."

"எட்டு வருஷமா பாதி ராத்திரியும் பாதி பகலும் நான் ஓட்டியிருக்கேங்க. ஒரு கீறல் உண்டா?"

"இல்லதான். ஆனா அவர் புகையைப் பாத்துச் சொல்றாரே."

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. அழுவார் என்று நினைத்தேன், அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேரம் பேசினார்.

"சரி. நாலு மணிக்கு அவர் சரி பண்ணிட்டா நான் பஸ் ஏறிடறேன். பண்ணலைன்னா?"

"பண்ணலைன்னா நீ சொல்றபடி."

புருஷன் இருபது லிட்டர் டீசல் பிடிக்கப் போனார். மகானும் துணிக்காரரும் சாப்பிடப் போனார்கள், கூட்டமும் கலைந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, சாட்சிக்கு ஒரு ஆள் வேணும். வாங்க."

எஞ்ஜினின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கையகலக் கருவி ஒன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார். எஞ்ஜினை ஓடவிட்டார், மிதித்தார், விட்டார். எஞ்ஜின் ஏறி இறங்கியது. கருவியில் டீசல் அழுத்தம் மட்டும் ஒரே எண்ணில் செத்த கடிகாரம் மாதிரி நின்றது.

"அழுத்தம் குறையல அண்ணே. அழுத்தத்த அளந்து சொல்ற சென்சார்தான் பேச மாட்டேங்குது. கம்ப்யூட்டருக்கு எவ்வளவு டீசல் விடறதுன்னு தெரியல. பயந்துபோய்க் கொஞ்சமா விடுது. அதான் இழுக்கல. இங்க பாருங்க, கோளாறு வந்த நேரத்துல வண்டியோட வேகம் என்னன்னு எழுதி வச்சிருக்கு."

பார்த்தேன். பூஜ்யம்.

"அப்படின்னா?"

"ஓடும்போது வரல. இங்க நிக்கும்போது வந்திருக்கு."

பானெட்டைத் தூக்கினார். சென்சாரின் பிளக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பூட்டு உடையவில்லை, தேயவில்லை. விரலால் அழுத்திப் பிடித்து இழுத்தால் ஒழிய வராது என்று காட்டினார். போன மாதம் என் காற்று கம்ப்ரசருக்காக நானும் இருபது லிட்டர் கொடுத்திருந்தேன்.

"மாட்டிடுங்கம்மா, போயிடலாம்" என்றேன்.

"நான் மாட்டினா மகான் சரி பண்ணார்னு சொல்லுவாங்க. என் சீட்டு போயிடும்."

பெட்டியிலிருந்து ஒரு நீலப் பசையை எடுத்தார். இரண்டு இரும்பு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கப் பட்டறையில் தடவுவார்களாம். தொட்டால் மூன்று நாள் போகாது. தொங்கிய பிளக்கின் மறைந்த பக்கமெல்லாம் தடவினார். பிறகு எஞ்ஜினுக்கு அடியில் கையைவிட்டு இன்னொரு பிளக்கை அவரே கழற்றினார். அது எஞ்ஜின் சுற்றுவதைக் கணக்கிடும் சென்சார். அது இல்லாவிட்டால் வண்டி உயிர் பிடிக்கவே பிடிக்காது.

"நாலு மணிக்கு எல்லாரும் கண்ண மூடுவாங்க. நீங்க மட்டும் மூடாதீங்க."

நாலு மணி. ஊரே கூடிவிட்டது. சாந்திக்கு ஒரு விதி உண்டு. எல்லோரும் வண்டிக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி, நூறுவரை உரக்க எண்ண வேண்டும். ஏனென்றால் எஞ்ஜின் கூச்ச சுபாவம் உள்ளதாம், யாராவது பார்த்தால் குணமாகாதாம், பார்த்தவர் கண்ணும் போய்விடுமாம். மகான் ஸ்டியரிங்கைச் சுழற்றினார். கூட்டம் ஒன்று, இரண்டு என்று முழங்கியது. நான் டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று, கண் போனாலும் போகட்டும் என்று ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். முன்ஜாக்கிரதை. துணிக்காரர் துணியோடு வந்தார், பானெட்டைத் தூக்கினார், கையைவிட்டார், மூடினார். முப்பத்தெட்டு எண்ணுவதற்குள் வேலை முடிந்தது. என் கண் போகவில்லை. இன்னொரு கண்ணையும் திறந்துகொண்டேன்.

"நூறு."

"ஸ்டார்ட் பண்ணு" என்றார் மகான், ராஜா மாதிரி.

புருஷன் சாவியைத் திருப்பினார். வண்டி கர் கர் என்று சுற்றியது. பிடிக்கவில்லை.

மகானின் சீட் ஆட்டத்தை நிறுத்தியது. "கொஞ்சம் பிடிவாதக்கார எஞ்ஜின். இன்னொரு நூறு."

இரண்டாவது நூறில் துணிக்காரர் பானெட்டுக்குள் இடுப்புவரை போனார். பிடிக்கவில்லை. மூன்றாவது நூறில் கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. பிடிக்கவில்லை. அந்த அம்மா பக்கத்தில் நிற்பதுதான் காரணம் என்றார் மகான். அக்கா நூறு அடி தள்ளிப் போய் நின்றார். பிடிக்கவில்லை. நிழல் படுகிறது என்றார். அக்கா என் கடைக்குள் போய் உட்கார்ந்தார். அப்போதும் பிடிக்கவில்லை. நூறு நூறாக எண்ணிக் கூட்டத்துக்குத் தொண்டை கட்டிப்போனது.

"இந்த எஞ்ஜினுக்குப் போன ஜென்மத்துலயே சாபம்" என்று மகான் வியர்வையைத் துடைத்தார்.

அக்கா எழுந்து வந்தார்.

"போன ஜென்மம் இருக்கட்டும் ஐயா. இன்னிக்கு மத்தியானம் இதுல ஒரு பிளக்க நான்தான் கழட்டினேன். எதுன்னு சொல்லுங்க."

மகான் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். பதில் வரவில்லை. வலது பக்கம் ஒடித்தார். அங்கேயும் வரவில்லை.

அக்கா எல்லோர் கண்ணும் திறந்திருக்க, அடியில் கையைவிட்டு அந்தப் பிளக்கை மாட்டினார். "ஸ்டார்ட் பண்ணுங்க." வண்டி ஒரே சுற்றில் பிடித்தது. மஞ்சள் விளக்கும் எரியவில்லை.

"இது நான் கழட்டினது. விளக்க எரியவிட்ட இன்னொண்ணு தொங்கிட்டிருந்துச்சு, அதுல நீலம் தடவி வச்சேன். இப்ப யாரோ மாட்டியிருக்காங்க. எல்லாரும் கையக் காட்டுங்க."

கைகள் உயர்ந்தன. துணிக்காரரின் கைகள் மட்டும் துணிக்குள் போயின. நாலு பேர் துணியை உருவினார்கள். பத்து விரலும் நீலம். பதற்றத்தில் நெற்றியையும் மூக்கையும் வேறு தடவியிருந்தார்.

"நான் தூசிதான் துடைச்சேன்" என்றார்.

"கண்ண மூடிட்டு எண்ணச் சொன்னது எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றேன் நான். என் வாழ்நாளில் ஊர் முன்னால் நான் பேசிய ஒரே உருப்படியான வாக்கியம் அது.

மகான் ஆசனத்திலிருந்து குதித்தார். ஸ்பிரிங் ஒரு உந்து உந்தி, வெள்ளை ஓவராலோடு அவரை டீசல் கேன்களின் நடுவே போய் விழவைத்தது. முதல்முறையாக அவர் மெக்கானிக் மாதிரி இருந்தார். கேன்களைக் கொடுத்தவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள், போலீஸ் வரும்வரை.

ஒரு ஓட்டுநர் அக்காவிடம் தயங்கித் தயங்கி வந்தார். "என் வண்டியில நீலப் புகை வருதுங்க. அப்ப அது..."

"ஆயில் எரியுது. பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும்."

"ஐயோ, மாமியாரோட பேச்சை நிறுத்தி அஞ்சு மாசம் ஆச்சே" என்று அவர் போனை எடுத்துக்கொண்டு ஓடினார்.

புருஷன் ஓட்டுநர் சீட்டிலிருந்து இறங்கி வந்தார். கண் கலங்கியிருந்தது. "நான் ஒரு முட்டாள்" என்றார். "ஏத்தத்த நீயே ஓட்டு."

அக்கா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தப் போனபோது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு ஆள் ஓடிவந்து படிக்கட்டருகே தடாலென்று விழுந்தான். கையில் இருபது லிட்டர் கேன்.

"தாயே, நீங்க கைய விட்டதுமே வண்டிக்கு உயிர் வந்துடுச்சு. என் வண்டி மேலயும் ஒருதடவை கைய வச்சுட்டுப் போங்க."

பின்னால் பத்துப் பேர் வரிசை கட்டிவிட்டார்கள். பத்துக் கேன். மகான் இன்னும் போலீஸ் வண்டியில்கூட ஏறவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தார். "என் கால்ல எதுக்குப்பா விழற? விழறதுதான் விழற, உன் வண்டிக்கு அடியில போய் விழு. டீசல் ஒழுகுதா இல்லையான்னாவது தெரியும்."

வண்டி ஏற்றத்தில் முழு இழுவையோடு போய் மறைந்தது. அந்த ஆள் கேனைக் கீழே வைத்துவிட்டுத் தன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே, யார் காலிலாவது விழ வேண்டும்போல் உங்களுக்குத் தோன்றினால் தாராளமாக விழுங்கள், ஆனால் இரண்டடி தள்ளி வண்டிக்கு அடியில் விழுங்கள், கண்ணை மட்டும் திறந்து வைத்திருங்கள்.