இன்ஹேலரும் படித்த மூன்று பேரும்

"தெரியாது" என்று சொல்வது எப்படி என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எங்கள் நர்சிங் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆந்திர எல்லையில், விஜயபுரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் சேர்ந்த புதிது. செல்வி என்ற பெண் தன் ஆறு வயது மகள் பவானியோடு வந்தாள். முந்தின வாரம் மூச்சுத் திணறி, உதடு நீலம் பாரித்த குழந்தையைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அங்கே கொடுத்த இன்ஹேலரை நீட்டினாள்.

"இத்த எப்டி அடிக்கறதுன்னு கொஞ்சம் காட்டுங்க சிஸ்டர். அங்க பயத்துல காதுலயே வுழல."

அதுவரை இன்ஹேலரை நான் வினாத்தாளில்தான் சந்தித்திருந்தேன் (சாய்ஸில் விட்ட கேள்வி). ஆனால் வெள்ளைச் சீருடை சும்மா இருக்குமா? கூட இருந்த, இன்ஹேலரை மாட்டி மூச்சிழுக்க வேண்டிய ஸ்பேசர் குழாயை ஏதோ பொட்டலச் சாமான் என்று ஓரம் தள்ளிவிட்டு, இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினேன். மூச்சை இழுக்கவில்லை. மருந்து வாய் வழியாகவே வெண்புகையாக வெளியேறியது.

"அம்மா, சிஸ்டரு பீடி குட்ச்சிகினு கீறாங்க!" என்று பவானி கைதட்டினாள்.

டாக்டரை அழைத்தேன். "இதி சாலா ஈசி அம்மா" என்று, இது ரொம்பச் சுலபம் எனத் தெலுங்கில் தைரியம் சொல்லி வாங்கி அழுத்தினார். அவருக்கும் புகை! மருந்தாளுநர் எட்டிப் பார்த்து, "இன்ஹேலர் போட்டா பழகிடும், சிரப்பே போதும்" என்றார். டாக்டர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

செல்வி சிரிக்கவில்லை. "சிரப்பு குட்த்துகினு இருந்தப்பதான் இவ உதடு நீலமாச்சி. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க சிஸ்டர். நான் திருப்பதிக்கே போறேன்."

சுருக்கென்றது. "நானும் வரேன்" என்றேன்.

மறுநாள் லீவு போட்டு அவர்களோடு பஸ் ஏறினேன். குழந்தைகள் வார்டு டாக்டரம்மா கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு என்னை விடவில்லை. குலுக்கு, குழாயில் மாட்டு, முகத்தில் இடைவெளியில்லாமல் பொருத்து, ஒரே அழுத்து, குழந்தை நிதானமாக மூச்சு விடட்டும். பிசகினால் முதலிலிருந்து.

"பழகிடுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"மூச்சு விடறதுகூடத்தான் பழக்கம். வுட்டுடலாமா?"

திரும்பியதும் எங்கள் டாக்டரைப் பிடித்தேன். நழுவினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்தபோது, குழாயோடு எதிரே போய் நின்றேன். செய்து காட்டிய பிறகே சோற்றில் கை வைத்தார். மருந்தாளுநருக்கும் அதே கதி. பவானி இப்போது பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடுகிறாள்.

நான்தான் இன்னும் அடங்கவில்லை. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் யாராவது இருமினால், என் மகன் ஓடிப்போய் அவர் காதில் சொல்கிறான்:

"மெல்லமா இருமுங்க மாமா. அம்மா காதுல வுழுந்துச்சின்னா இன்னிக்கி துன்ன முடியாது."