பட்டை பாத்தாச்சா?

வண்டி ஓட்டுகிறவன் எவனும் தன் தப்பை ஒப்புக்கொள்ள மாட்டான். மாடு குறுக்கே வந்தது என்பான், ரோடு சரியில்லை என்பான். நான் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு மாடும் வரவில்லை, ரோட்டின் மேலும் குற்றமில்லை. குற்றம் முழுக்க என் மண்டையில்தான்.

இந்தக் கதையை இப்போது கிளறிவிட்டவன் என் பேரன். புதுசாக ஒரு பிக்கப் வாங்கியிருக்கிறான். வாங்கின கையோடு, "வண்டி உசரத்த நாலு அங்குலம் தூக்கப் போறேன் தாத்தா" என்றான். "தூக்கின வண்டிய எப்படிப் பாத்துக்கணும் தெரியுமாடா?" என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், வீடே சிரித்தது. அடுப்படியில் மருமகள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. (சிரிக்கட்டும். அறுபது வருஷமாகச் சிரிக்கிறார்கள், எனக்குப் பழகிப்போச்சு.)

அப்போது அறுபத்தைந்தாம் வருஷத்து யுத்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. கந்தர்வக்கோட்டையிலிருந்து நாலு மைல் தள்ளி எங்கள் ஊர். கடலை மூட்டை ஏற்ற அப்பா ஒரு பழைய சின்ன லாரி வாங்கியிருந்தார். முன்னால் கார் மூஞ்சி, பின்னால் மரப்பெட்டி. இன்றைய பிக்கப்புக்குக் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும் வழியில் ஒரு வாரி, காட்டோடை, உண்டு. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், பெய்யாவிட்டால் வெறும் கல். அந்தக் கல்லெல்லாம் லாரியின் அடிவயிற்றைப் பதம் பார்த்ததால், வண்டியைத் தூக்கிக் கட்ட நான் திருச்சிக்குக் கொண்டுபோனேன்.

பட்டறை மேஸ்திரி சோமு பெரிய சிவபக்தர். நெற்றி, மார்பு, கை எல்லாம் பட்டை பட்டையாக விபூதி. மூன்று நாள் வண்டிக்கு அடியிலேயே கிடந்து ஆறு அங்குலம் தூக்கிவிட்டார். பிறகு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, குழைத்த விபூதியை மூன்று விரலால் எடுத்து பானெட்டில் அழுத்தமாக மூன்று கோடு இழுத்தார். அந்தக் கையைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார்:

"தம்பி, தூக்கின வண்டி பழைய வண்டி இல்லைங்க. டயர் ஒரு பக்கமாத் தேயும், மாத்தி மாத்திப் போடுங்க. திருப்பத்துல ஆடும், மெதுவாப் போங்க. எல்லாத்துக்கும் மேல, தெனம் காலையில பட்டையப் பாருங்க. பட்டை கலைஞ்சிருந்தா வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன பக்தி! அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. விடிந்ததும் குளிப்பேன், ஈர வேட்டியோடு பானெட்டின் முன்னால் நிற்பேன். கோடு கொஞ்சம் உதிர்ந்திருந்தாலும் துடைத்துவிட்டுப் புதுசாகப் பூசுவேன். விபூதி பூசியது போக மீதி நேரத்தில்தான் டயரைப் பார்த்தேன், அதுவும் மேலாக.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். அரிமளத்துக் காமாட்சி. சொந்தத்தில் ஒரு காதுகுத்து வீட்டில் அவளை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். எலை போட்டுக்கொண்டே வந்தவள் என் எலையில் மட்டும் தண்ணீர் தெளிக்க மறந்துவிட்டாள். (மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று கடைசிவரை சொல்லவில்லை.) எனக்கு அவள்தான் வேண்டும் என்றாகிவிட்டது. அவள் அப்பாவுக்குத்தான் சந்தேகம். "வண்டி ஓட்டுற பய, பொறுப்பா இருப்பானா? நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியனுப்பினார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியுமல்லவா? பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது. சாப்பிடாமல் எழுந்தால் கதை முடிந்தது.

அவர்கள் கந்தர்வக்கோட்டை வரை பஸ்ஸில் வந்தார்கள். காமாட்சியின் அப்பாவும், வாழைத்தார் வெற்றிலைத் தட்டோடு அவள் அத்தையும். கூட்டிவர மாட்டுவண்டி பூட்டுகிறேன் என்றார் அப்பா. நான் கேட்டேனா? பொறுப்பைக் காட்ட வேண்டாமா? லாரியோடு போய் நின்றேன்.

அத்தை அண்ணாந்து பார்த்தார். "ஏந்தம்பி, இது வண்டியா, தேரா?" டீக்கடை பெஞ்சை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஒரு பெட்டியை வைத்து, அவரைப் பின்னால் மரப்பெட்டியில் ஏற்றுவதற்குள் கடைத்தெருவே கூடிவிட்டது. காமாட்சியின் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழியில் லாரி நண்டு மாதிரி ஒரு பக்கமாகவே இழுத்தது. "என்ன தம்பி, வண்டி இங்கிட்டே இழுக்குது?" என்றார். "புது வண்டி அப்படித்தாங்க மாமா" என்றேன். (புது வண்டியாம்! சுத்தப் பொய்.)

முந்தின நாள் மழையில் வாரியில் முழங்கால் தண்ணீர். வேகமாக இறக்கினேன். நடுவில் அடியில் டமாரென்று ஒரு சத்தம். லாரி இடது பக்கம் சாய்ந்தது. கதவு திறந்துகொள்ள, என் வருங்கால மாமனார் தலைப்பாகையோடு தண்ணீரில் உட்கார்ந்தார். பின்னாலிருந்து வாழைத்தாரும் வெற்றிலைத் தட்டும் அத்தையும் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். "ஐயோ ஆத்தா! கொன்னுட்டானே!" என்று அத்தை போட்ட கூச்சலில் முந்திரித் தோப்பிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மாமனார் எழுந்து, வேட்டியைப் பிழிந்துவிட்டு, குனிந்து வண்டிக்கடியில் பார்த்தார். முப்பது வருஷம் வில்வண்டி வைத்திருந்தவர்.

"வண்டியத் தாங்குற வில்லைப் பாருங்க தம்பி. ஒரு தகடு இங்கிட்டு, ஒரு தகடு அங்கிட்டு, சீட்டுக்கட்டக் கலைச்ச மாதிரி கெடக்கு. இது இன்னைக்கு வெலகினதில்ல. தூக்கிக் கட்டினவன் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாருங்க மாமா. தெனமும் பட்டையப் பாக்கச் சொன்னாரு. ஒரு நாள் தவறாமப் பாத்தேன்."

"பாத்தும் இப்படியா? எந்தப் பட்டையப் பாத்தீங்க?"

நான் பெருமையோடு பானெட்டைக் காட்டினேன். மூன்று கோடும் அன்று காலை பூசியது, பளிச்சென்று இருந்தது. "மழையில கலைஞ்சுபோச்சு மாமா, காலையிலதான் புதுசாப் போட்டேன்."

அவர் விபூதியைப் பார்த்தார், வில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பட்டறைக்காரங்க வில்லைத்தான் தம்பி பட்டைம்பாங்க" என்றார் மெதுவாக. அத்தை ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அப்புறம் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரித்தார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த வாரியிலேயே வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகாதா என்றிருந்தது.

இரண்டு ஜோடி மாடு கட்டி லாரியை இழுத்தார்கள். பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், துணி மாற்றினார்கள், எலை போட்டதும் "இன்னொரு நாள் பாக்கலாங்க" என்று எழுந்துவிட்டார்கள். என் ஆத்தா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "கை நனைக்க வந்தவங்கள முழுசா நனைச்சு அனுப்பிட்டானே, பாவி!" பத்து நாள் நான் சோறு தண்ணி சரியாக எடுக்கவில்லை. லாரிப் பக்கமே போகவில்லை.

பதினோராம் நாள் காமாட்சியின் அப்பா தனியாக மாட்டுவண்டியில் வந்தார். நேராகக் கூடத்தில் வந்து உட்கார்ந்து, "பசிக்குது, எலையப் போடுங்க" என்றார்.

அரிமளத்தில் நடந்ததை அத்தை பிறகு சொன்னார். எல்லோரும் என்னைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபோது காமாட்சி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். "தெனமும் தவறாமப் பாத்தாராமா?" "பாத்தான், தப்பானதப் பாத்தான்" என்றிருக்கிறார் அப்பா. அதற்கு அவள், "தவறாமச் செய்றவரு கெடைக்கிறதுதான் கஷ்டம். எந்தப் பட்டைன்னு நான் சொல்லிக் குடுத்துக்கிறேன்" என்றாளாம்.

சொல்லியும் கொடுத்தாள். ஐம்பத்திரண்டு வருஷம், நான் வண்டி எடுக்கும்போதெல்லாம் விபூதித் தட்டோடு வாசலில் வந்து நின்று, "பட்டை பாத்தாச்சா?" என்பாள். முதலில் குனிந்து வில்லைப் பார்ப்பேன், பிறகு நெற்றியைக் காட்டுவேன். கடைசியாக அவளை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றினோம். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் என் கையைப் பிடித்து, "பட்டை பாத்தீங்களா?" என்றாள். "பாத்துட்டேன் காமாட்சி" என்றேன். பார்க்கவில்லை. அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

நேற்று பேரன் தூக்கின வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் கேட்பதற்குள் அவனே கத்தினான்: "பட்டை பாத்தாச்சு தாத்தா! ரெண்டு பட்டையும்!" இறங்கிப் போய்ப் பார்த்தேன். அடியில் வில்லு ஒழுங்காக இருந்தது. பானெட்டில் மூன்று கோடு கொஞ்சம் கோணலாக இருந்தது. துடைத்துவிட்டு நானே போட்டேன்.