மேஸ்திரியும் கிரேக்க எழுத்து வீடும்

அமெரிக்காவில், கேட்காதவர்களுக்கெல்லாம் உதவி செய்து, அதற்காகப் போலீஸ் வரவழைக்கப்பட்டு, வந்த போலீஸ்காரரையும் கூடமாட வேலை செய்ய வைத்த ஒரே தமிழன் எங்கள் மேஸ்திரிதான். வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் நம்பப் போவதில்லை.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். மதுரைக்காரன். கட்டட வேலைக்கும் அவன் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்பா பல் டாக்டர். ஆனால் யாராவது ஒரு நாற்காலியை நகர்த்தினால்கூட, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "அப்படியே அங்கிட்டுத் தள்ளு... கொஞ்சம் இங்கிட்டு... ம், விடு விடு" என்று மேற்பார்வை பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. பழகிய முதல் வாரமே நான் 'மேஸ்திரி' என்று பெயர் வைத்துவிட்டேன். கூடப் படித்த அமெரிக்கப் பையன்களின் காதில் அது 'மேஸ்ட்ரோ' என்று விழுந்தது. யாரோ பெரிய சங்கீத மேதை இந்தியாவிலிருந்து வந்து படிக்கிறான் என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. அவன் மறுக்கவில்லை.

"மரியாதையாத்தானேடா கூப்பிடுறாய்ங்க. இருந்துட்டுப் போகட்டும்."

நியூ ஜெர்சியில் ஒரு சின்னக் கல்லூரி அது. நூலகத்தில் தும்மினால் கேன்டீனிலிருந்து 'பிளெஸ் யூ' வரும், அவ்வளவு சின்னது. மருந்துக்கு என்று தமிழர்கள் நாங்கள் இருவர்தான். நான் திருச்சி. கொஞ்சம் தள்ளி ஐசலின் என்ற ஊரில் சித்தி வீடு இருந்ததால் மாதம் ஒரு முறையாவது எனக்குச் சோறு கிடைத்தது. மேஸ்திரிக்கு அதுவும் இல்லை. எங்கே இலவசமாகப் பீட்ஸா கொடுத்தாலும் அங்கே அவனைப் பார்க்கலாம்.

அவன் ஃபிரெட்டர்னிட்டியில் சேர்ந்த கதையும் பீட்ஸாவில்தான் முடிந்தது. ஃபிரெட்டர்னிட்டி என்றால், மாணவர்கள் சேர்ந்து ஒரு பெரிய வீட்டில் குடியிருந்து, ஒருவரையொருவர் 'பிரதர்' என்று அழைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஆனால் அக்கம்பக்கத்தார் காதைக் கிழிக்கும் சங்கம். சங்கத்துக்குப் பெயர் கிடையாது, வாசலில் மூன்று கிரேக்க எழுத்துகள்தான். மேஸ்திரி படித்தது கணிதம். எழுத்துகளைப் பார்த்தவன் ஏதோ இலவசக் கணக்கு டியூஷன் என்று நினைத்து, தனக்கு வராத கணக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

உள்ளே சோஃபாவில் படுத்திருந்தவன் டைலர். சங்கத்தின் பிரசிடென்ட். கதவு அளவுக்கு உடம்பு. கணக்கைப் பார்த்துவிட்டு நெடுநேரம் யோசித்தான்.

"டூட், எனக்கு ஒண்ணும் புரியல. பீட்ஸா சாப்பிடுறியா?"

சாப்பிட்டான். மெம்பர் ஆகிவிட்டான். அடுத்த வாரம் என்னையும் இழுத்துப் போட்டான். "ஒனக்கும் சேத்துச் சொல்லிட்டேன்டா. மாடியில ரூம் நல்லாயிருக்கு, ஜன்னல்தான் அடைக்காது" என்றான். அந்த ஜன்னலோடு மூன்று குளிர்காலம் போராடினேன்.

'பிரதர்' என்ற சொல்லை அங்கே யாரும் யோசித்துச் சொல்வதில்லை. மேஸ்திரி யோசித்தான். "பிரதர்னா அண்ணனா, தம்பியா? அதைச் சொல்லு மொதல்ல." ஒவ்வொருவனிடமும் பிறந்த தேதி கேட்டான். டைலர் அவனைவிடச் சில மாதம் இளையவன். அன்றிலிருந்து டைலர் 'தம்பி'.

டைலர் என்னைத் தனியாக ஓரங்கட்டினான். "மேஸ்ட்ரோ ஏன் என்னை டம்மின்னு கூப்பிடுறான்?"

விளக்கினேன். தம்பி என்றால் என்ன, அண்ணன் அதட்டலாம், தம்பி கேட்டுக்கொள்ள வேண்டும், பதிலுக்கு தம்பிக்கு ஒன்று என்றால் அண்ணன் வந்து நிற்பான் என்றெல்லாம். அந்தப் பையனுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. பிறகு யாராவது தம்பி என்று கூப்பிட மறந்தால் அவனே நினைவுபடுத்த ஆரம்பித்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு மிஸஸ் நோவாக் எங்களைக் கல்லூரியில் போட்டுக்கொடுத்தார். கணவரை இழந்தவர், தனியாக இருந்தார். எங்கள் பாட்டுச் சத்தத்தில் அவர் வீட்டுப் பீங்கான் தட்டுகள் ஆடுவதாகப் புகார். பொய்யில்லை, எங்கள் தட்டுகளும் ஆடத்தான் செய்தன. டீன் கூப்பிட்டு அனுப்பினார்.

"போன வருஷம் நீங்க என்ன கம்யூனிட்டி சர்வீஸ் பண்ணீங்க?"

டைலர் தலையைச் சொறிந்தான். "கார் வாஷ் பண்ணோம் சார்."

"யாரோட காரை?"

"எங்க காரை."

கோடை விடுமுறைக்குள் ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்யாவிட்டால் வீட்டை மூடிவிடுவதாகச் சொல்லி அனுப்பினார் டீன். சேவைக்குப் பொறுப்பேற்க யார் தயார் என்று டைலர் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒரே ஒரு கை உயர்ந்தது. அன்றோடு எங்கள் சனிக்கிழமைத் தூக்கம் போயிற்று.

சூரியன் எழும்போதே மேஸ்திரி கரண்டியால் வாணலியைத் தட்டிக்கொண்டு மாடி ஏறுவான். "எந்திரிங்கடா! ஊர் உலகமெல்லாம் குப்பையாக் கெடக்கு, தூங்குறாய்ங்க பாரு!" அவன் தமிழில் திட்டுவது ஒருவருக்கும் புரியாது. ஆனாலும் எல்லோரும் எழுந்தார்கள்.

முதல் சேவை, தெருவில் உதிர்ந்த இலைகளை அள்ளுவது. முனை வீட்டு முற்றத்தில் இலை கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது.

"வீட்டுக்காரர்கிட்ட கேட்டியாடா?" என்றேன்.

"உதவி பண்றதுக்கு எதுக்குடா பெர்மிஷன்?"

ஆளுக்கொரு இலைவாரியைக் கொடுத்து நிறுத்தினான். தானும் இடுப்பில் கை வைத்து நின்றான். முற்றம் கண்ணாடி மாதிரி ஆனது. கடைசிப் பையைக் கட்டும்போது போலீஸ் கார் வந்து நின்றது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியராம். மின்மினிப் பூச்சியின் புழுக்கள் குளிர்காலத்தைக் கழிப்பதற்காக இலைகளை வேண்டுமென்றே அப்படியே விட்டிருந்தாராம். விழித்துப் பார்த்தால் முரட்டுப் பையன்கள் கூட்டமாக அவருடைய மின்மினிகளை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

என் விசா பறிபோவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. மேஸ்திரி நேராகப் போலீஸ்காரரிடம் போனான். "ஆஃபீசர், கரெக்ட் டைமுக்கு வந்தீங்க. இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க."

அவர் ஏன் பிடித்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அள்ளிய இலைகளையெல்லாம் திரும்பக் கொட்டிப் பரப்பினோம். அந்த ஆசிரியர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஆஃபீசர், லெஃப்ட்ல திட்டுத்திட்டா இருக்கு பாருங்க... ஆங், அங்கதான்" என்று மேஸ்திரி சொல்லச் சொல்ல, சீருடையோடு அந்த மனிதர் குனிந்து இலைகளைச் சமன் செய்தார்.

அடுத்து முதியோர் இல்லம். மேஸ்ட்ரோ வருகிறார் என்று கேள்விப்பட்டு அங்கே பியானோவைத் துடைத்து வைத்து, தாத்தா பாட்டிகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மேஸ்திரிக்கு சங்கீதத்தில் ச-வும் தெரியாது.

"உண்மையைச் சொல்லிடலாம்டா" என்றேன் மெதுவாக.

"லிப்ஸ்டிக் எல்லாம் போட்டு வந்து உக்காந்துருக்காங்கடா. எப்படிடா சொல்றது?"

முன்னால் போய் நின்று கையைத் தூக்கினான். "ரிப்பீட் ஆஃப்டர் மீ! ஐலசா!"

"ஐ-லா-சா!" என்றது கூட்டம்.

ஒரு பக்கம் ஐலசா, மறு பக்கம் ஏலேலோ. சக்கர நாற்காலிகள் தரையில் தாளம் போட்டன. பல மாதமாக வாய் திறக்காத ஒரு முதியவர் மற்றவர்களை முந்திக்கொண்டு ஐலசா போட்டதில் ஒரு நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது எந்த வகை இந்தியச் சங்கீதம் என்று இல்லத்தின் மேலாளர் என்னிடம் கேட்டார். மிகப் பழமையானது என்று சொல்லி வைத்தேன்.

இவ்வளவு பேரை மடக்கியவனால் மிஸஸ் நோவாக்கை மட்டும் மடக்க முடியவில்லை. பனி விழத் தொடங்கியதும் முதல் வேலையாக அவர் வீட்டுக் கார் போகும் டிரைவ்வேயைத்தான் எங்களை வழித்துவிடச் சொன்னான். பனி அள்ளும் ஷவல் தரையில் உரசும் சத்தம் கேட்டதுமே ஜன்னல் திறக்கும். "என் இடத்தை விட்டு வெளியே போங்கடா!" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கும்வரை திட்டுவார். பையன்கள் முணுமுணுத்தார்கள். மேஸ்திரி அசரவில்லை. "ஜன்னலைத் தொறந்துதானே திட்டுது. நல்ல ஆரோக்கியமா இருக்கு" என்பான்.

பிப்ரவரியில் ஒரு புயல் வந்தது. தெரு எது, தோட்டம் எது என்று தெரியாத அளவுக்குப் பனி. கரண்டும் போய்விட்டது. மறுநாள் காலை வழக்கம்போல நோவாக் வீட்டு முன்னால் வழிக்கத் தொடங்கினோம். பாதி வழித்திருப்போம். மேஸ்திரி திடீரென்று கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினான்.

"டேய், ஏன்டா இன்னும் திட்டு வரல?"

எவனுக்கோ சிரிப்பு வந்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. கதவைத் தட்டினான். ஜன்னலைத் தட்டினான். பிறகு இடுப்பளவு பனியில் விழுந்து எழுந்து பின்பக்கம் ஓடினான். ஜன்னல் வழியே பார்த்தால், சமையலறைத் தரையில் மிஸஸ் நோவாக் சுவரில் சாய்ந்து கிடந்தார். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. வீடு ஐஸ்பெட்டி போல இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

டைலர் தோளால் இடித்ததில் பின்கதவு திறந்தது. இருந்த போர்வைகளையெல்லாம் கொண்டுவந்து சுற்றி, அவரை நகர்த்தாமல் டைலர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். பெரிய ரோடுவரை வந்துவிடுவார்களாம், தெருவுக்குள் நுழைய முடியாதாம். பனி வழிக்கும் வண்டி எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது.

மேஸ்திரி என் கையிலிருந்த ஷவலைப் பிடுங்கினான். சேவை தொடங்கிய நாள் முதல் அவன் எந்தக் கருவியையும் தொட்டு நான் பார்த்ததில்லை. அன்று முதல் ஆளாகத் தெருவில் இறங்கி அள்ள ஆரம்பித்தான். அங்கிட்டு என்று சொல்லவில்லை, இங்கிட்டு என்று சொல்லவில்லை. அவனுடைய அந்த மௌனம்தான் எங்களைப் பயமுறுத்தியது. ஷவல் கிடைக்காதவர்கள் குப்பைத்தொட்டி மூடியால் அள்ளினார்கள். மின்மினி ஆசிரியர் தன் கதவைத் திறந்துகொண்டு வந்து சேர்ந்தார். மேஸ்திரிக்குக் கையுறை நனைந்து கிழிந்து, ஷவல் பிடியில் ரத்தம் தெரிந்தது. நிறுத்துடா என்றேன். காதில் வாங்கவில்லை.

ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்தது. ஸ்ட்ரெச்சரில் வெளியே வரும்போது மிஸஸ் நோவாக் டைலரைத் திட்டிக்கொண்டிருந்தார். "அந்தப் பாட்டு... அதுக்குப் பேர் பாட்டா?" டைலர், "இல்லை மேடம், இனிமே போடமாட்டேன் மேடம்" என்று அழுதுகொண்டே கூட நடந்தான். திட்டுக் குரலைக் கேட்டதும் மேஸ்திரி பனியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

வசந்தத்தில் டீன் எங்களை விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு மிஸஸ் நோவாக் உள்ளே வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

"இவங்க நல்ல பசங்கன்னு நான் சொல்லல" என்றார் டீனிடம். "சத்தம் போடுறாங்க. கொல்லைப்புறம் அசிங்கமா இருக்கு. இதோ நிக்கிறானே, இவன் சொன்ன பேச்சே கேக்கறதில்ல. ஆனா என் சத்தம் கேக்கலேன்னு கவலைப்பட்டவன் இந்தத் தெருவில இவன் ஒருத்தன்தான். வீட்டை மூடிட்டு எனக்கு யாரைப் பக்கத்துல வைக்கப் போறீங்க?"

டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீடு பிழைத்தது. பத்து மணிக்கு மேல் பாட்டு கூடாது என்ற நிபந்தனையோடு.

பிழைத்த மறுநாளே பிரதர்கள் கூடி வாக்கெடுப்பு நடத்தி மேஸ்திரியைச் சேவைப் பொறுப்பிலிருந்து தூக்கினார்கள். அத்தனை பேரும் தூக்கத்துக்கு ஏங்கிப்போயிருந்தார்கள். சனிக்கிழமை வந்தது. வாணலிச் சத்தம் இல்லை. படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. கீழே இறங்கினால் டைலர் உட்பட எல்லோரும் ஷூவை மாட்டிக்கொண்டு ஹாலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் டைலர்தான் மாடிக்குப் போய் அவனை எழுப்பினான்.

காலம் ஓடிவிட்டது. நான் கலிஃபோர்னியாவில் பிளசன்டனில், மேஸ்திரி டெக்ஸாஸில் பேர்லேண்டில். போன தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குக் குடும்பத்தோடு அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். சனிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போனான். சாமி கும்பிடுவதற்கு முன்னால் என் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்து அன்னதானப் பந்தியில் இறக்கிவிட்டான். "என்னடா இப்படி ஊத்துற? காய் அடியில கெடக்கு பாரு, கலக்கி ஊத்து! கடைசி வரிசைக்கு யாரு போவா?"

என் மகள் கண்ணை அகல விரித்தாள். "அப்பா, ஹூ இஸ் திஸ் அங்கிள்? ஒய் இஸ் ஹி யெல்லிங் அட் யூ?"

அவன் மனைவி சிரித்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. நான் டிஷ்வாஷர் லோட் பண்றப்பவும் பின்னாடி வந்து நின்னுடுவாரு."

நாற்பது வயதைத் தாண்டிய என்னை இப்போது அலுவலகத்தில் யாரும் அதட்டுவதில்லை. எல்லோரும் மிக மரியாதையாக மெயில் அனுப்புகிறார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருந்தோம். டிக்கெட்டை மாற்றிவிட்டு, செவ்வாய்க்கிழமைதான் கிளம்பினோம்.