சீனி மிளகாய்க் குழம்பு

எண்ணவில்லை, அண்ணா. ஒரு பிடி. என் கைப்பிடி சிறியது என்று உங்களுக்கே தெரியும்.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஃபாயிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் நலம். நாகர்கோவிலில் அண்ணியும் பிள்ளைகளும் நலமா? உங்கள் நாக்கு குணமாக துஆ செய்கிறேன்.

'எத்தனை மிளகாய் போட்டாய்?' என்று மட்டும் செய்தி அனுப்பினீர்கள். நான் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. அதனால் கடிதம்.

அம்மாவைத் தனியே விட முடியாமல் இரண்டு வருடமாக விடுப்பில் இருக்கிறேன். வரும் திங்கட்கிழமை வண்டலூர் கல்லூரியில் மறுபடி வேலைக்குச் சேராவிட்டால் வேலை போய்விடும். ஆறு மாதம் அம்மாவை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் உங்களை வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"சாப்ட்டுப் பேசலாம்மா."

சாப்பிட்டீர்கள். அம்மாவின் வயிற்றுப் புண்ணுக்காகக் காரமில்லாமல் சமைத்தது. "என்ன இது, ஆஸ்பத்திரி சாப்பாடு? அம்மாவ இப்படித்தான் காயப்போட்டிருக்கியா?" அம்மாவின் முன்னாலேயே. பிறகு தூங்கிவிட்டீர்கள்.

மறுநாள் விடிந்ததும், அண்ணி கொடுத்தனுப்பிய பொட்டலத்தை நீட்டினீர்கள். "சீனி மொளகா. இத வறுத்துப் போட்டுக் கொழம்பு வை. சாப்ட்டுப் பேசலாம்." நெல்மணி அளவு வற்றல். நம் வீட்டில் சீனி என்றால் டீயில் போடுவது, இதுவும் சாதுவான ஜாதி என்று நினைத்து, எண்ணெய் காய்ந்ததும் ஒரு பிடி போட்டேன், அது கருகுவதற்குள் நெடி ஹாலைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கிவிட்டது, எதிர்வீட்டு கஸ்தூரிரங்கன் சார் ஈரத்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு "கேஸா? கேஸா?" என்று ஓடி வந்தார், "மிளகாய் சார்" என்றேன், "மிளகாய்னா தும்மல் வரும்மா, எனக்குக் கண்ணே தெரியலியே!" என்று கீழே போய் மெயினை அணைத்தார், லிஃப்ட் பாதியில் நின்றது, உள்ளே இருந்தது அவருடைய மனைவி லோகநாயகி மாமி.

நீங்கள் மட்டும் அசையவில்லை. "இதான்டி காரம்." மூன்று கவளம். நான்காவதில் விக்கல். சீனி டப்பாவைத் திறந்து வாயில் கொட்டிக்கொண்டீர்கள்.

"இப்பப் பேசலாமா அண்ணா?"

கையை ஆட்டினீர்கள். சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிட்டீர்கள்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "புள்ள வயிறு நெறைய சாப்ட்டானா?" இரண்டு வருடத்தில் என்னை ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை.

போகட்டும். உங்கள் பங்குப் பேச்சையும் நானே பேசி முடித்துவிட்டேன். அம்மா என்னோடேயே இருக்கட்டும். வேலையை விட்டுவிடுகிறேன். அறியாமல் செய்த பிழையை மன்னியுங்கள். அண்ணிக்கு ஸலாம். பிள்ளைகளுக்கு முத்தம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல பசியையும் தருவானாக.

தங்கை
ஃபாயிசா

பி.கு.: அறியாமல் அல்ல. அன்று காலையிலேயே ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். பத்து மணி வரை அழுதேன். அதில் பாதிதான் மிளகாய்க்காக. அம்மாவுக்கு மட்டும் ஏன் முன்கூட்டியே கஞ்சி கொடுத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. வேலையை விடுவதாக எழுதியதும் பொய். நாகர்கோவில் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னேன். "அங்கயாச்சும் ஒறைப்பாப் போடுவாங்களா?" என்றார். போடக் கூடாது, டாக்டர் சீட்டு பையில் இருக்கிறது. இதைத் தபாலில் சேர்க்கவில்லை. ஞாயிறு காலை என் கையால் தருவேன். சாப்பிடுவதற்கு முன் படியுங்கள். சனிக்கிழமை வண்டிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். திரும்பி வர ஒன்று.