மல்லாட்டை முடிச்சு

திண்டிவனம்,
6-9-1959

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அம்சா அக்காவுக்கு, தம்பி துரைக்கண்ணு எழுதிக்கொள்வது. இங்கே நானும் கிளியம்மாளும் கறவை மாடும் சௌக்கியம். விழுப்புரத்தில் நீயும், கல்யாணப் பொண்ணு பவுனும், மாமாவும், என்மேல் மாமாவுக்கு இருக்கிற கோபமும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பவுனு நிச்சயதார்த்தத்தன்று ‘கடும் காய்ச்சல், வர இயலவில்லை’ என்று நான் கொடுத்த தந்தி பொய். காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. அன்றைக்கு என் நாக்கு ஊதா நிறமாக இருந்தது. நாக்கு மட்டுமா? பல்லு, உதடு, முழங்கை வரைக்கும் ரெண்டு கை. பொண்ணுக்குத் தாய்மாமன் நான், சபையில் உட்கார்ந்து இந்த வாயைத் திறந்து ‘சம்மதம்’ என்று சொன்னால், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், இந்த வியாதி பொண்ணுக்கும் உண்டா என்று கேட்பார்களா மாட்டார்களா, நீயே சொல். தந்தியில் உள்ளதை உள்ளபடி எழுதத்தான் போனேன். ‘நாக்கு ஊதா, வரவில்லை’ என்று எழுதி நீட்டினேன். தந்திக்காரர் படித்துவிட்டு, “இன்னா சார் இது, ரகசிய பாஷையா?” என்றார். உடனே காய்ச்சல் என்று மாற்றிவிட்டேன்.

‘தாய்மாமன் இல்லாமலே தட்டு மாத்தியாச்சு. கல்யாணத்தன்னிக்கும் அவனுக்குக் காய்ச்சல் வருமான்னு முன்கூட்டியே கேட்டு வை, மாலை எடுத்துக் குடுக்க வேற ஆளைப் பாக்கணும்’ என்று மாமா சொன்னதாகக் கார்டு போட்டிருந்தாய். வேற ஆளா? காதுகுத்துக்கு பவுனை மடியில் வைத்துக்கொண்டவன் நான். அன்றைக்கு அவள் கடித்த தழும்பு இன்னும் என் கட்டை விரலில் இருக்கிறது. அந்த இடத்தில் இன்னொருத்தன் நிற்பதா? கார்டைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், மாமாவுக்குப் படித்துக் காட்டு.

சம்பந்தம் பேசி முடித்ததும், ‘மாமன் சீரில் உனக்கு என்ன வேணும்?’ என்று பவுனைக் கேட்டு எழுதினேன் இல்லையா. இன்லண்டு லெட்டரில் பதில் வந்தது. ஊர்க்கதையெல்லாம் எழுதி, கடைசி வரியில் ‘மாமா, எனக்கு சுங்குடிப் புடவை’ என்று நிறுத்தியிருந்தது குழந்தை. ‘வேணும்’ என்று எழுத வெட்கம் போல. அதை நானே சேர்த்துப் படித்துக்கொண்டேன். “மதுரைக்குப் போறவங்க யாருகிட்டயாவது சொல்லி ஜல்தியா வாங்கிடுங்க” என்றாள் கிளியம்மாள். நான் கேட்டேனா? அந்த வாரம்தான் ஒரு பத்திரிகையில், வீட்டிலேயே முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து, நிறம் மங்காமல் பளிச்சென்று வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு அம்மாள் குறிப்பு எழுதியிருந்தார். “கடையில வாங்கிக் குடுக்க எந்த மாமனாலயும் முடியும், கையால செஞ்சி குடுக்கிற மாமன் தென்னாற்காட்டுலயே நான் ஒருத்தன்தான்” என்றேன். அவள் பதில் பேசாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். பதினெட்டு வருஷத்தில், அவள் அப்படிப் பேசாமல் எழுந்துபோன நாள் எதுவும் எனக்கு நல்லபடியாக முடிந்ததில்லை.

குறிப்பில், ‘நிலக்கடலை அளவுக்குத் துணியைக் கிள்ளி நூலால் இறுகக் கட்டவும்’ என்று போட்டிருந்தது. நிலக்கடலை என்றால் நம்ம மல்லாட்டை. அளவு தப்பக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் ஒரு மல்லாட்டையை வைத்துக் கட்டச் சொல்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். கொல்லையில் அன்றைக்குப் பிடுங்கின பச்சை மல்லாட்டையாக ஒரு மரக்கால் வாங்கி வந்து, புது வெள்ளைப் புடவை முழுக்க ஒண்ணு ஒண்ணா வச்சிக் கட்டிக்கினு உக்காந்தேன். முந்நூத்திப் பன்னெண்டு முடிச்சு! புடவையைத் தூக்கினா பலாப்பழத்தைத் தூக்கற மாதிரி இருக்குது. அண்டாவுல தண்ணியைக் கொதிக்க வச்சி, ஊதாச் சாயப்பொடியைக் கரைச்சி, சாயம் புடிக்கறதுக்குன்னு குறிப்புல சொன்னபடி மூணு கைப்பிடி உப்பையும் போட்டு, புடவையை உள்ளே எறக்கினேன். அரைமணி கொதிச்சிருக்கும், தெருவே மணக்குது அக்கா. சாய வாசனை இல்லை, அவிச்ச மல்லாட்டை வாசனை.

அடுத்த வீட்டு டிராயிங் மாஸ்டர் தெய்வசிகாமணி, வாசனையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

“இன்னா துரைக்கண்ணு, ஒரே ஆளா வேவிச்சி ஒரே ஆளா துன்னுடலாம்னு பாக்கறியா?”

“மல்லாட்டை இல்ல மாஸ்டர், இது புடவை.”

“புடவைக்கு உப்பு சரியா இருக்குதா, பாத்தியா?” என்று முதல் முடிச்சை அவரே அவிழ்த்தார். உள்ளே இருந்த காய் நாவல்பழம் மாதிரி இருந்தது. உரித்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். சித்திரம் தெரிந்தவர், நிறத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுவார் என்று நானும் காத்துக்கொண்டிருந்தேன். “பதம்” என்றார்.

எப்படியும் முடிச்சையெல்லாம் அவுத்துத்தானே ஆவணும், அவுத்ததைத் தூக்கி எறிய மனசு வருமா? முந்தானைப் பக்கத்துலருந்து அவரும், உள்தலைப்புலருந்து நானும் தின்னுக்கினே வந்து, நடுவுல கொசுவத்துக்கிட்ட சந்திச்சோம். அப்போதுதான் கிளியம்மாள் வந்து எங்கள் ரெண்டு பேர் வாயையும் பார்த்தாள். “ஏங்க, மல்லாட்டை அளவுன்னா மல்லாட்டையையே வைக்கணும்னு யாரு சொன்னது? யானை அளவுன்னு போட்டிருந்தா யானையைப் புடிச்சாந்து கட்டுவீங்களா?”

பயந்துபோய்க் கம்பவுண்டரிடம் ஓடினோம். அவர் எங்களை நாக்கை நீட்டச் சொல்லி, வந்திருந்த நோயாளிகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் ஆளுக்கு ஒரு அவுன்ஸ் விளக்கெண்ணெய் ஊற்றி, “உசுருக்கு ஒண்ணுமில்ல, அழகுதான் போச்சு” என்று அனுப்பிவிட்டார். மாஸ்டர் கெட்டிக்காரர். மறுநாள் ‘இன்று மௌன விரதம்’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு மூன்று நாள் சைகையிலேயே பாடம் நடத்தினார். எனக்கு மறுநாள் நிச்சயதார்த்தம். சைகையில் சம்மதம் சொல்ல முடியுமா?

இதில் பெரிய பேஜாரு என்னவென்றால், என் நாக்கில் ஏறின சாயம் புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை, புடவையில் ஏறினது முதல் அலசலிலேயே தண்ணீரோடு போய்விட்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, “தள்ளுங்க” என்று கிளியம்மாள் இறங்கினாள். “புதுத் துணியில கஞ்சி இருக்குதில்ல? அதைப் போக்காம தோச்சா, சாயம் கஞ்சியிலதான் ஏறும், கஞ்சி போவும்போது கூடவே போவும்.” சலவைச் சோடாவில் ஊறவைத்துக் கஞ்சியைப் போக்கினாள். மல்லாட்டையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, வெறும் துணியைக் கிள்ளிக் கிள்ளிக் கட்டினாள். உப்புப் போட்டு வேகவைத்து, இறக்கி, தானாக ஆறுகிற வரைக்கும் அப்படியே விட்டாள். நான் ரெண்டு தடவை மூடியைத் திறந்தேன், ரெண்டு தடவையும் கையில் அடி விழுந்தது. அப்புறம் பச்சைத் தண்ணீரில், தண்ணீர் தெளிந்து வருகிற வரைக்கும் அலசி, முடிச்சை அவிழ்த்து நிழலில் உலர்த்தினாள். இதில் என் பங்கு, நூல் எடுத்துக் கொடுத்தது. தெருவில் மட்டும் நான் செய்ததாகச் சொல்லியிருக்கிறேன், காட்டிக் கொடுத்துவிடாதே.

ஆனால் புடவை! ஊதாவுக்கு நடுவில் முல்லைப்பூவைக் கொட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. என் எட்டு முழ வேட்டியோடு சேர்த்துத் துவைத்துப் பார்த்தோம், வேட்டி வெள்ளை வெளேரென்று வந்தது. கொடியில் போட்டால் ரோட்டில் பஸ்ஸை மெதுவாக ஓட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். அதே அண்டாவில் தோய்த்த ஒரு ரவிக்கைத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மாமா சோப்புப் போட்டு, கல்லில் அடித்து, வெந்நீரில் போட்டு, இஷ்டப்படி பார்க்கட்டும். துளி சாயம் போனாலும் வேறு ஆளை வைத்து மாலை எடுத்துக் கொடுக்கட்டும், நான் வரவில்லை. போகவில்லை என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு நான்தான் தாய்மாமன். நாக்கு தேறிவிட்டது. நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் ஊதா, அதை மாலைக்குள் மறைத்துக்கொள்கிறேன்.

பவுனுக்கு, நிறம் மாறாமல் நூறு வருஷம் வாழ எங்கள் ஆசி. உனக்குக் கிளியம்மாளின் அன்பு. மாமாவுக்கு ரெண்டு கும்பிடு. ஒன்று எப்போதும் போடுவது, இன்னொன்று தந்திக்காக.

இப்படிக்கு,
உன் தம்பி
துரைக்கண்ணு

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடி மாடத்தில் கைவிட்டபோது, பவுனு எழுதின அந்த இன்லண்டு லெட்டரின் மடிப்புத் துண்டு ஒன்று அகப்பட்டது. அன்றைக்கு அவசரத்தில் கத்தியால் கிழித்தபோது தனியாக வந்திருக்கிறது. அது இப்படி ஆரம்பிக்கிறது: ‘மட்டும் வேணாம், அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நான் வாழப்போற ஊர்ல இன்னும் கரண்டு வரலையாம். ஒரு டார்ச் லைட்டு போதும்.’